குளிர்கால வானம் பொழியும் நால்வகை: வெண்பனி, பனிக்குருணை, பனிப்பரல், உறைமழை

நமது பாஷையில் பனி என்னும் ஒரு சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. மார்கழி மாதத்து விடியற்காலையில் புல்லின் நுனியில் முத்துப்போல் நிற்கும் நீர்த்துளியையும் பனி என்கிறோம். ஆற்றங்கரையை மூடி, எதிரே வரும் வண்டியையும் மறைக்கும் புகைபோன்ற படலத்தையும் பனி என்கிறோம். நீலகிரியில் தேயிலைக் கொழுந்தைக் கருகச் செய்யும் வெள்ளைப் படிவையும், இமயமலைச் சிகரங்களில் ஆண்டு முழுவதும் குவிந்து கிடப்பதையும் பனி என்றே சொல்லுகிறோம்.

இவற்றுள் முதல் மூன்றும் வானத்திலிருந்து விழுவனவல்ல. "பனி பெய்கிறது" என்று வழக்கத்தில் சொன்னபோதிலும், புல்நுனித் துளி எந்த மேகத்திலிருந்தும் பெய்ததன்று. பகலில் வெயிலால் சூடேறிய தரை, இரவில் அச்சூட்டை இழந்து குளிர்கிறது. அதனை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் நீராவி அதிகம் தங்கமாட்டாது. ஆகவே மிகுதியான நீராவி புல்லின்மேல் நீராகப் படிகிறது. புல்லின் மேற்புறம் 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்டால், நீராவி நீராகாமலே நேரே பனிக்கட்டித் துகளாய்ப் படியும். உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் காணும் உறைபனி இதுவே. (இக்கட்டுரையில் டிகிரி என்பது சென்டிகிரேட் அளவு. நீர் உறையும் நிலை 0 டிகிரி. கொதிக்கும் நிலை 100 டிகிரி.) மேகமில்லாத, காற்று அசையாத இரவுகளிலேயே உறைபனி மிகுதியாக உண்டாகும். குளிர்ந்த காற்று கனமானது. நீரைப்போலவே பள்ளத்தை நோக்கி இறங்கித் தேங்கும். மேட்டுச் சரிவில் உள்ள செடி தப்பிக்க, பள்ளத்துச் செடி கருகுவதன் காரணம் இதுவே.

இனி, மேகத்திலிருந்து உண்மையாகவே விழும் குளிர்காலப் பொழிவின் வகைகளை ஆராய்வோம். அவை நம் சமவெளியில் விழுவனவல்ல. இமயமலையிலும், கனடா, ருஷியா, ஜப்பான் முதலிய குளிர் நாடுகளிலும் விழுவன. "அங்கு விழுவதை இங்கு அறிந்து ஆவதென்ன?" என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். இதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, உயர்ந்தோங்கிய மேகங்களிலிருந்து நம் ஊர்களில் பெய்யும் மழையிலும் பெரும்பகுதி, மேலே பனித்துகளாய் இருந்து வழியில் உருகி வந்ததே. இரண்டாவது, நம்மைப்போலவே கூட்டுறவுச் சங்கங்களில் சேர்ந்து பால் விற்றுப் பிழைக்கும் குடியானவர்களுக்கு, 1998-ம் ஆண்டில் கனடா தேசத்தில் நேர்ந்த இடுக்கண் இப்பாடத்துடன் நெருங்கிய சம்பந்தம் உடையது. காற்றின் உஷ்ணத்தில் இரண்டொரு டிகிரி வேறுபாடே அவர்களுக்கு வாழ்வுக்கும் கேட்டுக்கும் நடுவே நின்றது.

1. மேகத்தினுள் நடப்பது

நீராவி கலந்த காற்று மேலே எழும்பும்போது விரிவடைந்து குளிர்கிறது. தரையிலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் சராசரி 6 டிகிரி உஷ்ணம் குறைவதாகக் கொள்ளலாம். ஓரளவு குளிர்ந்ததும், காற்றில் மிதக்கும் தூசி, உப்பு முதலியவற்றின் அணுக்களைப் பற்றிக்கொண்டு நீராவி சிறு துளிகளாகிறது. இத்துளிகளின் கூட்டமே மேகம். ஒரு மேகத்துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே ஆகும். 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரே ஒரு மழைத்துளி உண்டாவதற்கு இத்தகைய மேகத்துளிகள் பத்து லட்சம் சேரவேண்டும்.

இங்கு ஒரு விந்தையை வாசகர்கள் கவனிக்கவேண்டும். 0 டிகிரியில் நீர் உறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆயினும் மேகத்துளிகள் 0 டிகிரிக்குக் கீழே 10, 20 டிகிரி குளிர்ந்தும் உறையாமல் நீராகவே மிதப்பதுண்டு. தூய நீரின் மிக நுண்ணிய துளி, 0-க்குக் கீழே ஏறக்குறைய 38 டிகிரி வரையிற்கூட உறையாதிருக்கும்.

இதன் காரணத்தை நம் வீட்டுப் பாற்பானையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். காய்ச்சி ஆறவைத்த பால் தானே கெட்டித் தயிராகிவிடுவதில்லை. சிறிது உறைமோர் விட்டால்தான் செவ்வையாய் உறைகிறது. அதுபோலவே, குளிர்ந்த நீர் பனிக்கட்டியாக மாறுவதற்கும் ஒரு "உறை" வேண்டும். சிலவகைக் களிமண் தூசிகளும், செடிகொடிகளின்மேல் வாழும் சில கிருமிகளும் இவ்வாறு உறையாகப் பயன்படுகின்றன. எல்லாவற்றிலும் சிறந்த உறை, முன்பே உறைந்திருக்கும் பனிக்கட்டித் துணுக்குத்தான். உறை கிடைக்காத துளி, கடுங்குளிரிலும் நீராகவே இருக்கும். இப்படிப்பட்ட நீரை இக்கட்டுரையில் அதிகுளிர் நீர் என்று அழைப்போம். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

2. வெண்பனி பிறக்கும் விதம்

அதிகுளிர் நீர்த்துளிகள் நிறைந்த மேகத்தில் ஒரு சில பனித்துகள்கள் தோன்றிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். நீராவிக்கு நீரைக் காட்டிலும் பனிக்கட்டியின்மீது எளிதில் படியும் இயல்பு உண்டு. ஆகவே பனித்துகள் சுற்றியுள்ள நீராவியைக் கவர்ந்து வளர்கிறது. இழந்த நீராவியை ஈடுசெய்ய அருகிலுள்ள நீர்த்துளிகள் ஆவியாகிக் கரைகின்றன. துளிகள் தேயத் தேயத் துகள் பெருத்து, இறுதியில் பாரம் தாங்காமல் கீழே விழத் தொடங்குகிறது. இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் ஸ்வீடன் தேசத்து வானிலை அறிஞர் தோர் பெர்யரோன். 1922-ம் ஆண்டில் நார்வே நாட்டின் மலைக்காட்டில் உலாவும்போது, கடுங்குளிர் நாட்களில் மூடுபனி மரங்களினிடையே தரைவரை இறங்காமல் விலகி நிற்பதைக் கண்டு, இக்கருத்து அவருக்கு உதித்தது. மரங்களில் படிந்திருந்த பனிக்கட்டி, மூடுபனியின் நீரைக் கவர்ந்துகொண்டதே அதற்குக் காரணம் என்று அவர் உய்த்துணர்ந்தார்.

இப்படி வளரும் துகள் எப்பொழுதும் அறுகோண அமைப்பு உடையதாகும். நீரின் அணுக்கூட்டங்கள் உறையும்போது ஆறுமூலையாய் அடுக்கப்படுவதே இதற்குக் காரணம். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்தில் ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி என்னும் குடியானவர், 1885-ம் ஆண்டில் ஒரு பூதக்கண்ணாடிக் கருவியையும் புகைப்படப் பெட்டியையும் இணைத்துத் தனிப் பனித்துகளைப் படம் பிடித்தார். 1931-ல் இறக்கும்வரை 5,000-க்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். மாடு கறந்து, நிலம் உழுது பிழைத்த ஒருவர், பொறுமை ஒன்றையே பெருமூலதனமாகக் கொண்டு விஞ்ஞானத்திற்கு இத்தகைய தொண்டு புரிந்தது நாம் நினைவில் வைக்கத்தக்கது. பின்னர் ஜப்பானில் நாகாயா உகிச்சிரோ என்பவர், 1936-ல் குளிர் அறையில் முயலின் மயிர் ஒன்றின் நுனியில் செயற்கையாகப் பனித்துகளை வளர்த்துக் காட்டினார். 0-க்குக் கீழே 5 டிகிரி அளவில் ஊசியும் தூணும் போன்ற துகள்களும், 15 டிகிரி அளவில் கிளைவிட்ட நட்சத்திரம் போன்றவையும் உண்டாகின்றன. ஆகவே விழுந்த துகளின் வடிவைக் கண்டு, அது வளர்ந்த மேகத்தின் குளிரை மதிப்பிடலாம்.

3. தரையை அடையும் வழி

மேகத்தில் பிறந்தது வெண்பனியே ஆயினும், தரையை அடைவது வெண்பனியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அது கடந்துவரும் காற்றடுக்குகளே அதன் உருவத்தை நிர்ணயிக்கின்றன. ஒரே மேகத்திலிருந்து புறப்பட்டது ஓர் ஊரில் ஒன்றாகவும், பத்து மைல் தள்ளி மற்றொன்றாகவும் விழுவது இதனால்தான்.

(அ) வெண்பனி: மேகம் முதல் தரை வரை காற்று முழுவதும் 0 டிகிரிக்குக் கீழே இருந்தால், துகள் உருகாமல் வெண்பனியாகவே வந்து சேரும். தரையருகே 0 டிகிரியை ஒட்டிய உஷ்ணம் இருந்தால், துகள்கள் சற்றே ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இலவம்பஞ்சுத் திரள்போல் பெரிதாக விழும்.

(ஆ) பனிக்குருணை: விழும் துகள் வழியில் ஏராளமான அதிகுளிர் நீர்த்துளிகளுடன் மோதுமானால், அவை பட்ட மாத்திரத்தில் அதன்மேல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அறுகோண வடிவு மறைந்து, விரலால் நசுக்கினால் நொறுங்கக்கூடிய வெள்ளை உருண்டையாகிவிடும். அரிசிக் குருணை போன்றது முதல் மிளகைவிடச் சிறிது பெரியது வரை இதன் அளவு இருக்கும்.

(இ) பனிப்பரல்: சில சமயங்களில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும், அதன் மேலே 0 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பக் காற்றும், அதற்கும் மேலே மறுபடியும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக அமைவதுண்டு. வெப்ப அடுக்கு மெல்லியதாக இருந்தால், துகள் அதனைக் கடக்கும்போது முழுதும் உருகுவதில்லை. நடுவில் சிறு பனித்துணுக்கு எஞ்சியிருக்கும். கீழ்க்குளிர் அடுக்கினுள் வந்ததும் அத்துணுக்கே உறைமோராகி, சுற்றியுள்ள நீரை மீண்டும் உறையச் செய்கிறது. இவ்வாறு உண்டான கெட்டியான சிறு மணிகள் கூரைமேல் விழுந்து கலகலவென்று தெறித்தோடும்.

(ஈ) உறைமழை: வெப்ப அடுக்கு தடித்ததாகவும், கீழ்க்குளிர் அடுக்கு மெல்லியதாகவும் இருந்தால் நிகழ்வது வேறு. துகள் முழுவதும் உருகி மழைத்துளியாகிவிடுகிறது. உறையாகப் பயன்படத் துணுக்கேதும் மிஞ்சுவதில்லை. 2 மில்லிமீட்டர் துளி ஒன்று நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் இறங்கும். 500 மீட்டர் குளிர் அடுக்கைக் கடக்க அதற்கு ஒன்றேகால் நிமிஷம் போதும். அந்நேரத்தில் 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிடுகிறது. ஆனால் உறை இன்மையால் உறையவில்லை. பார்வைக்குச் சாதாரண மழையே. கிளையோ, கம்பியோ, கூரையோ, சாலையோ எதைத் தொட்டாலும் அதன்மேல் பரவிக் கண்ணாடிபோல் உறைந்துவிடும். நால்வகையினுள் மிகக் கொடியது இதுவே.

வெப்பக் காற்று தரைவரை பரவியிருந்தால் விழுவது வெறும் மழையே என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நம் ஊர்களில் கோடையில் இடியுடன் விழும் ஆலங்கட்டி மேற்கூறிய நால்வகையினுள் சேராது. இடிமேகத்தினுள் மேல்நோக்கி வீசும் பலத்த காற்று, பனிக்கட்டியைக் கீழே விழவொட்டாமல் தாங்கிப் பிடிக்கிறது. அதன்மேல் அதிகுளிர் நீர் மேலும் மேலும் உறைந்து, அது எலுமிச்சங்காய் அளவும் அதற்கு மேலும் பெருப்பதுண்டு. பெரிய ஆலங்கட்டியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வெங்காயம்போல் அடுக்கடுக்காய் இருப்பதைக் காணலாம்.

4. செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கில் நேர்ந்தது

கனடாவின் கிழக்குப் பகுதியில் க்யூபெக் மாகாணத்தின் ஊடே செயின்ட் லாரன்ஸ் என்னும் பெருநதி ஓடுகிறது. அதன் கரைகள் செழித்த பால்பண்ணைப் பிரதேசம். கூட்டுறவு இயக்கமும் அங்கே வேரூன்றியது. அல்போன்ஸ் தெஜார்தேன் என்பவர் 1900-ம் ஆண்டில் லெவி நகரில் ஐக்கிய நாணய சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ஆக்ரொபூர் என்னும் பெயருடன் விளங்கும் பெரிய கூட்டுறவுப் பால் ஸ்தாபனம், 1938-ல் கிரான்பி என்னும் ஊரைச் சுற்றிய குடியானவர்களால் ஏற்படுத்தப்பட்டது.

1998-ம் ஆண்டு ஜனவரி 5 முதல் 10 வரை, மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் வெப்பமும் மிகுந்த காற்று வடக்கு நோக்கி வந்தது. அதே சமயம் வடதுருவத்தை ஒட்டிய கனமான குளிர்க்காற்று, மலைகளுக்கு நடுவே உள்ள அந்நதிப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கி நின்றது. வெப்பக் காற்று அதனை அகற்ற வலிமையின்றி அதன் மேலேறிப் பரவியது. நீலகிரிப் பள்ளத்தில் ஓரிரவு குளிர்க்காற்று தேங்கி உறைபனியை விளைவிப்பது போலவே, அங்கே நூற்றுக்கணக்கான மைல் நீளத்திற்கு நாட்கணக்காகத் தேங்கியது. மேலே சொன்ன (ஈ) வகைக்கு வேண்டிய அடுக்குகள் யாவும் அமைந்துவிட்டன. சாதாரணமாகச் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் உறைமழை, விட்டு விட்டு எண்பது மணி நேரத்திற்கு மேல் பெய்தது. மான்ட்ரியல் சுற்றுப்புறத்தில் 100 மில்லிமீட்டர் வரையில் விழுந்தது.

100 மில்லிமீட்டர், அதாவது நாலு அங்குலம் மழை, ஐப்பசியில் நம் நாட்டில் ஒரே நாளில் பெய்வதுண்டு. அது வாய்க்காலில் ஓடிவிடும். உறைமழையோ ஓடுவதில்லை, விழுந்த இடத்திலேயே நிற்கும். அதன் பாரத்தை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கம்பியைச் சுற்றிலும் 3 சென்டிமீட்டர் பனிக்கட்டி படிந்தால், ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறக்குறைய மூன்றரை கிலோ எடை கூடும். இரு கம்பங்களுக்கு இடையே 100 மீட்டர் என்றால், அந்த ஒரு கம்பியின்மேல் மட்டும் 350 கிலோ! நாலைந்து நெல் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும்.

ஆயிரத்திற்கு மேற்பட்ட எஃகுக் கோபுரங்கள் நசுங்கிச் சாய்ந்தன. 30,000-க்கு மேற்பட்ட மரக் கம்பங்கள் ஒடிந்தன. லட்சக்கணக்கான வீடுகள் கடுங்குளிரில் மின்சாரமின்றி இருண்டன. சென்டியாசின்த், கிரான்பி, செயின்ட் ஜான் என்னும் மூன்று ஊர்களுக்கு நடுவிலுள்ள பிரதேசம் "இருள் முக்கோணம்" என்றே பெயர் பெற்றது. அங்குச் சில இடங்களில் மின்சாரம் திரும்ப ஒரு மாதத்திற்கு மேல் ஆயிற்று.

பால்பண்ணைக்காரர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அங்கே ஒவ்வொரு தொழுவத்திலும் பத்துக்கணக்கான பசுக்கள். கறப்பதற்கும், தண்ணீர் இறைப்பதற்கும், பாலைக் குளிரச் செய்வதற்கும் மின்சாரமே ஆதாரம். கறவைப் பசுவுக்கு, இன்று மின்சாரம் இல்லை, நாளை கறப்போம் என்று சமாதானம் சொல்ல இயலாது. வேளை தவறினால் மடி கனத்து நோவெடுத்து மடிநோய் காணும். கறந்த பாலையும், சாலைகள் அடைபட்டு ஆலைகள் நின்றுவிட்டமையால், தரையில் கொட்ட நேர்ந்தது. மேப்பிள் மரங்களிலிருந்து இனிப்புப் பாகு எடுத்துப் பிழைப்போர் நிலையும் பரிதாபமே. அம்மரம் பாகு தருவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வளரவேண்டும். தந்தை நட்டதை மகன் அனுபவிக்கும் அத்தகைய தோப்புகள், ஐந்தாறு நாளில் கிளை முறிந்து மொட்டையாயின.

அந்நிலையில் பல பண்ணைகளைக் காத்தது ஒரு எளிய ஏற்பாடே. எண்ணெயில் ஓடும் மின் உற்பத்திக் கருவி எல்லோரிடமும் இல்லை. இருந்தவர்கள் அதனை வண்டியிலேற்றிப் பண்ணை பண்ணையாகக் கொண்டுசென்றார்கள். ஒரு பண்ணையில் பால் கறந்து முடிந்ததும் கருவி அடுத்த பண்ணைக்குச் செல்லும்; அங்கே முடிந்ததும் அதற்கடுத்ததற்கு. இவ்வாறு இரவும் பகலும் முறை வைத்துக் கறந்தார்கள்.

5. நன்மையும் தீமையும்

வெண்பனி குடியானவனுக்குப் பகையன்று. குளிர் நாடுகளில் முன்பனிக்கு முன்னரே கோதுமை விதைத்துவிடுவார்கள். இளம்பயிர்மீது வெண்பனி ஒரு கம்பளிபோல் மூடிக்கொள்ளும். அதன் இடுக்குகளில் அடங்கிய காற்று, மேலுள்ள கடுங்குளிரை வேரை அண்டவொட்டாமல் தடுக்கும். புதிதாக விழுந்த வெண்பனி 10 சென்டிமீட்டர் உருகினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீராகும். அது வசந்தத்தில் மெல்ல உருகி நிலத்தினுள் இறங்கும். உறைமழையால் உண்டான கட்டியோ, காற்றுப் புக இடமின்றி நிலத்தை மூடிவிடுவதால், நீண்ட நாள் நின்றால் பயிர் மூச்சுத் திணறி மடியும். நீர் ஒன்றே, மேகமும் ஒன்றே. நடுவழியில் அமைந்த சில நூறு மீட்டர் காற்று அதனைப் போர்வையாகவோ விலங்காகவோ ஆக்கிவிடுகிறது.

6. சங்கங்கள் கொள்ளத்தக்க படிப்பினை

நம் மாவட்டங்களில் உறைமழை பெய்யப்போவதில்லை. ஆயினும் 2018-ம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டைப் பகுதிகளில் மின்கம்பங்களையும் தென்னந்தோப்புகளையும் சாய்த்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். நெடுநாள் வளர்த்த மரத்தை இழத்தலும், இருளில் கால்நடையுடன் தவித்தலும் இரு நாட்டார்க்கும் பொது. ஆகையால் ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றை ஆலோசிப்பது நலம்.

முதலாவது, வானிலை அறிக்கையை நாடோறும் படித்து அங்கத்தினர்க்கு அறிவிக்க ஒருவரை நியமித்தல். மழைமானியும் உஷ்ணமானியும் ஒவ்வொன்று வைத்து நாட்குறிப்பு எழுதி வரின் இன்னும் நன்று.

இரண்டாவது, பாலைக் குளிர்விக்கும் இயந்திரமுள்ள சங்கங்கள், மின்சாரம் நின்றால் பயன்படுத்தத்தக்க கருவி ஒன்றைப் பொதுச் செலவில் வாங்கி, யார் யாருக்கு எந்த வேளை என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் முன்னதாகவே எழுதி வைத்தல். இடுக்கண் வந்தபின் முறை வகுப்பது எளிதன்று.

மூன்றாவது, அக்கருவியை எக்காரணம் பற்றியும் வீட்டினுள்ளோ அடைத்த கொட்டகையிலோ ஓட்டலாகாது. அதன் புகையில் மணமற்ற நச்சு வாயு உண்டு. 1998-ல் குளிருக்குத் தப்பியும் இவ்வாயுவினால் உயிரிழந்தோர் உண்டு.

வானத்தின் அடுக்குகளை மாற்றியமைக்க மனிதனால் ஆகாது. முன்னறிந்து ஒருவருக்கொருவர் கைகொடுக்க ஆகும். சங்கம் என்பதன் பொருளும் அதுவே அன்றோ?

இராப்பள்ளியில் கேட்கத்தக்க வினாக்கள்

1. புல்நுனிப் பனித்துளி வானத்திலிருந்து விழுந்ததன்று என்பதை எவ்வாறு நிரூபிப்பீர்?

2. உறைமோர் உவமையைக் கொண்டு, பனிப்பரலுக்கும் உறைமழைக்கும் உள்ள வேற்றுமையை விளக்குக.

3. மேட்டு நிலம், பள்ள நிலம் இவற்றுள் உறைபனியால் அதிகம் நஷ்டமடைவது எது? ஏன்?

4. உமது சங்க எல்லைக்குள் ஒரு வாரம் மின்சாரம் இல்லையென்றால், கறந்த பாலை என்ன செய்வீர்?